ஒரு மூடித் தண்ணீர்

மட்டக்களப்புப் பக்கம் நான் போய்ச் சேர்ந்தது டிராக்டர் பெட்டியில் நின்றுகொண்டுதான். சாலைக்கு மேல் வெள்ளம் ஓடியதால் பஸ்காரர் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார். “இதுக்கு அங்கால போகாது. இறங்குங்க, இறங்குங்க” என்றார் கண்டக்டர். எங்கள் நாகப்பட்டினமாக இருந்தால் அரைமணி நேரம் அவரோடு சண்டை நடந்திருக்கும். இங்கே எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேசாமல் டிராக்டரில் ஏறிவிட்டார்கள். ஏறத் தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

ஒரு இளைஞன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். இன்னொரு கையில் பழுப்பு டேப் சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி, தோளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கம்பளி. கத்தாரிலிருந்து வருகிறான் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் நாகூர்ப் பையன்களும் இதே பெட்டி, இதே கம்பளியோடுதான் வந்து இறங்குவார்கள்.

“எந்த ஊர் அக்கா?” என்றான். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. “நாகூர்ப் பக்கமா? எங்கட வாப்பா ஒருக்கா கந்தூரிக்குப் போனவர். இப்பவும் அதைத்தான் கதைச்சிட்டு இரிப்பார்.”

பெயர் நஸீர். கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை, வெள்ளம் வீட்டுக்குள் வந்த அன்றைக்குப் பிறந்திருக்கிறது. மனைவி ரிஃபானாவைப் படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வயிற்றை அறுத்து எடுத்தார்களாம். முதலாளி ஏழு நாள் லீவு கொடுத்தான். போக வரவே இரண்டு நாள் ஓடிவிடும். “போட்டோவில பாத்தன். மூக்கு அவட மூக்கு. ஒருக்கா கையில தூக்கினாப் போதும்” என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் பக்கத்தில் நின்ற கிழவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவன் மனைவி இருந்ததும் நான் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் வேலையில் இருபத்தேழு வருடம். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தொற்றுத் தடுப்பு. அதாவது, காலையிலிருந்து மாலை வரை “கையைக் கழுவுங்க, கையைக் கழுவுங்க” என்று கத்துகிற உத்தியோகம். என் கணவர் எனக்குச் ‘சோப்பு சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார். அது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் நோய் பரவாமல் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கூப்பிட்டது. பத்து நாள்தானே என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் என்னைத் தேட யாரும் இல்லை.

இரண்டாம் நாள்

வாவிக் கரையில் இருக்கிற சிறிய வைத்தியசாலை. பெயர் வேண்டாம். கீழ்த்தளச் சுவரில் என் இடுப்புயரத்துக்குச் சேற்றுக்கோடு. கருவிகளை அவித்துக் கிருமி நீக்கும் பெரிய இயந்திரம் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிட்டது. நனைந்த மெத்தைகளைக் கிழித்துக் குவித்திருந்தார்கள். பிரசவித்த பெண்கள், அறுவை முடிந்த பெண்கள் எல்லோரையும் மேல்மாடியில் ஒரே வாட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம்தான் இடைவெளி.

வாட்டுப் பொறுப்பு புவனா சிஸ்டர். மெலிந்த உருவம், கணீர்க் குரல். சொந்த வீட்டில் இன்னும் சேறு அள்ளவில்லை. “வீடு எங்க போகப்போகுது? இஞ்ச பதினாலு பிள்ளை இருக்கு” என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

வாட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒரு நோயாளிக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். உம்மா, மாமி, தாத்தா (இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் அப்படி அழைக்கிறார்கள்), பக்கத்து வீட்டுக்காரி, அவள் பிள்ளை. சேற்றுக் காலோடு கட்டிலில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். அதே கையால் பிறந்த பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். வெள்ள அகதி முகாமிலிருந்து வந்த இரண்டு பெண்களுக்கு வயிற்றோட்டம் வேறு. பிறந்த குழந்தைகள் இருக்கிற வாட்டில் அது பரவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த இருவரையும் தனி அறைக்கு மாற்றினோம். நான் கதவை மூடச் சொன்னேன். ஏழு நாளைக்குப் பார்வையாளர் யாரும் கிடையாது. “ஒருத்தரும் இல்லையா?” என்றார் புவனா சிஸ்டர். “ஒருத்தரும் இல்லை. அமைச்சரே வந்தாலும் இல்லை” என்றேன். என் வாய் இருக்கிறதே!

மதியம் கேட்டருகில் நஸீர் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி நின்றான். என்னைக் கண்டதும் “அட, டிராக்டர் அக்கா!” என்று சிரித்தான். நான்தான் கதவை மூடியவள் என்று காவலாளி சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. இங்கே எல்லோரும் நர்சை அழைப்பதுபோல “மிஸ்ஸி” என்றுதான்.

மூன்றாம் நாள்

காலையில் இடியப்பமும் சொதியும். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே மஞ்சள் சொதியில் மிதக்கவிட்டு, மேலே காரச் சம்பல் வைக்கிறார்கள். இதைப் போய் என் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நினைத்த பிறகுதான் ஆள் இல்லை என்று ஞாபகம் வரும். ஒவ்வொரு முறையும் புதிதாக வலிக்கும்.

நஸீர் எட்டு மணிக்கே கேட்டில் நின்றான். “ஒரு நிமிசம் மிஸ்ஸி. வாசல்ல நிண்டு பாக்கிறன். உள்ள வரல்ல.” முடியாது என்றேன். “ஜன்னலால?” மேல்மாடி ஜன்னல் வாவிப் பக்கம் திறக்கிறது, இங்கிருந்து தெரியாது. பிறகு, “உங்கட மாப்பிள்ள என்ன செய்றார்?” என்று கேட்டான். என் மனசை இளக்கத்தான் கேட்டிருப்பான், பாவம்.

“இல்லை தம்பி. கொரோனாவுல போயிட்டாரு. எங்க ஆஸ்பத்திரியிலயேதான்.”

அவன் உடனே தலையில் கை வைத்து ஏதோ அரபில் முணுமுணுத்தான். பிறகு பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். கடையில் விற்கிற பிளாஸ்டிக் போத்தல், மூடி போட்டது. உள்ளே கண்ணாடி மாதிரித் தண்ணீர். “மௌலவி ஓதித் தந்த தண்ணி. மாமி கேட்டு வாங்கினவ. அவளுக்குக் காச்சல் மாதிரி எண்டு சொன்னாங்க. என்னத்தான் விட ஏலாது. இத மட்டும் குடுங்க மிஸ்ஸி.”

நம் நாகூரிலும் உண்டு. சாதி மதம் பாராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், ஓதிய தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டு வருவோம். எனக்கும் விட்டிருக்கிறார்கள்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீர் எங்கே பிடித்தது? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் எங்கள் ஆஸ்பத்திரி மேல்மாடியில் பதினோரு நாள் கிடந்தார். கடைசி நாள் போனில், மூச்சு வாங்க வாங்க, “நீ வந்து ஒரு வாய் தண்ணி குடேன்” என்றார். அந்தப் போத்தலைப் பார்த்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. வாங்கிக்கொண்டுபோய், என் கையாலேயே ரிஃபானாவிடம் கொடுத்தேன். கையை மட்டும் ஒழுங்காகக் கழுவிக்கொண்டேன்.

ரிஃபானா போத்தலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “அவர் மெலிஞ்சிரிக்காரா மிஸ்ஸி?” என்று கேட்டாள். “நல்லாத்தான் இருக்கான். அத்தர் வாடை இங்க வரைக்கும் வருது” என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

நான்காம் நாள்

புது வயிற்றோட்டம் ஒன்றும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவை மூடியது எவ்வளவு நல்லது பார்த்தீர்களா என்று புவனா சிஸ்டரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் மதியம் மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கி வந்தார். கத்தி வைத்து வெட்டலாம் போல் கெட்டி. நான் உப்பைத் தேடினேன். அவர் சீனியைக் கொட்டினார். “தயிருக்கு உப்பா? என்ன ஆக்கள் நீங்க!” என்று சிரித்தார்.

சாயங்காலம் வாவிப் பாலத்தில் நின்றேன். இந்த வாவி மீன்கள் இரவில் பாடும் என்பது இங்கே பேர்போன கதை; பார்க்கிறவர்களெல்லாம், மீன் பாடுவதைக் கேட்டீர்களா என்று கேட்டார்கள். எனக்கு ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பாடுவதுதான் கேட்டது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எங்கள் கடல் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பதுபோல. இந்த வாவி பேசவே இல்லை. தனியாக நிற்கிறோம் என்பது அங்கே ரொம்பத் தெரிந்தது.

ஐந்தாம் நாள்

காலை ஏழு மணிக்கு வாட்டுக்குள் நுழையும்போதே வாடை சொல்லிவிட்டது. மூன்று பேருக்கு வாந்தி, வயிற்றோட்டம். ரிஃபானாவுக்குத்தான் மோசம். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், நாடி பிடிபடவில்லை. அறுவைக் காயம் ஆறாத வயிறு. இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினோம். குழந்தை பசியில் கத்தியது. அவள் கையைச் சோப்புப் போட்டு நானே கழுவிவிட்டு, பிள்ளையை மார்பில் வைத்தேன். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தக்கூடாது.

கேட்டில் நஸீரிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். “மோசமா?” என்றான். “மோசம்தான் தம்பி. பாக்கிறோம்.” அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். “நாளண்டைக்குப் பின்னேரம் எனக்கு பஸ். நான் பாக்காமப் போய், அவளுக்கு ஏதும் ஆகிட்டா?” என்றான். நான் அடுத்த சேலைன் போத்தலை மாற்ற மேலே ஏறினேன்.

கதவு மூடியிருக்கிறது. ஒரு ஈ உள்ளே வரவில்லை. பிறகு எப்படி வந்தது? அன்று முழுக்க நானும் புவனா சிஸ்டரும் குழாய், சமையலறை, பாத்திரம், கழிவறை, எங்கள் ஆட்களின் கை என்று ஒன்று விடாமல் பார்த்தோம். குழாய்த் தண்ணீரில் மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாக மாறியது. குளோரின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் சரி. ஆனால் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள்.

ஆறாம் நாள்

மூவரில் ஒருத்தி உன்னிச்சையிலிருந்து வந்த நேசம்மா. வெள்ளத்தில் மாட்டை அவிழ்க்கப் போய்க் காலைக் கிழித்துக்கொண்டவள். கொஞ்சம் தெளிந்திருந்தாள். “வட்டை வயல் முழுக்கக் கடல் மாதிரி. விதைச்ச ஒரு மணி நெல் மிஞ்சல்ல” என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், இரண்டு மூன்று நாளில் வாட்டுச் சாப்பாட்டைத் தவிர வேறு ஏதாவது வாயில் வைத்தாயா என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்ல மிஸ்ஸி. இந்தப் பிள்ளை தந்த ஓதின தண்ணிதான். நாங்க எண்டா கோயில் தீர்த்தமும் குடிப்பம், பள்ளித் தண்ணியும் குடிப்பம். மூடியால ஒவ்வொரு வாய் தந்தாள். எனக்கும் அந்தக் கட்டில் பிள்ளைக்கும். மிச்சம் அவளே குடிச்சாள்.”

புவனா சிஸ்டர் என்னைப் பார்த்தார். போத்தலை உள்ளே கொண்டுவந்தது யார் என்று அவருக்குத் தெரியும். திட்டியிருந்தால் தேவலை.

நஸீரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் அவன் மனைவி வீட்டுக்குப் போனோம். வளவெல்லாம் சேறு, மரத்தில் தொங்கும் துணிகள். வாசலில் பவுசர் என்கிற டேங்கர் லாரி ஊற்றிப் போன தண்ணீர் நீலப் பீப்பாயில் நிறைய இருந்தது. பின்பக்கம் கிணறு. வெள்ளம் அதன் விளிம்புக்கு மேலே போயிருக்கிறது. பத்தடி தள்ளிக் கக்கூஸ் குழி, அதுவும் மூழ்கியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் மட்டும் தெளிந்து அழகாகக் கிடந்தது.

“ஓதுற தண்ணிய எதுல புடிச்சீங்கம்மா?” என்றேன் ரிஃபானாவின் தாயிடம்.

“கிணத்திலதான் மகள். பவுசர் தண்ணி மருந்து நாறுது. அல்லாட கலாமை அந்த நாத்தத் தண்ணியில எப்பிடி ஓதுற? நல்ல தண்ணியா வேணுமெண்டு, ரெண்டு நாள் தெளியவிட்டு, சீலையால வடிச்சுத்தான் குடுத்தன்.”

சமைக்க, குடிக்க எல்லாம் பவுசர் தண்ணீர்தானாம். மகளுக்கு என்று வந்தபோதுதான், இருப்பதிலேயே நல்லது என்று நினைத்த தண்ணீரை எடுத்திருக்கிறாள். நான் எப்படிக் கோபப்படுவது? மெதுவாகச் சொன்னேன். சொன்னதும் அந்த அம்மா சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, “என்ட கையாலயே குடுத்திட்டனே” என்று கதறினாள்.

“உங்க கை இல்லம்மா. உள்ள கொண்டுபோனது நான். நோய் வராமப் பாக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. கேக்காம வாங்கினது நான்தான்.” வேலியே பயிரை மேய்ந்த கதை. வேறு என்ன சொல்ல?

நஸீர் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது இதுதான்: “அப்ப மிஸ்ஸி, நான் உள்ள வந்திருந்தா இது நடந்திருக்காதுதானே? அவட கையைப் பிடிச்சிட்டு வந்திருப்பன். தண்ணிய அனுப்பியிருக்க மாட்டன்.”

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு ஓட்டோவில் வந்தது. ஆட்களை நிறுத்திவிட்டேன். ஆட்களின் பாசத்தை யாரால் நிறுத்த முடியும்? அது ஏதாவது ஒரு வழியில் உள்ளே வரத்தான் செய்யும். கழுவிய கையாக வாசல் வழியே வரவிட்டிருந்தால், நான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஏழாம் நாள்

காலையில் ரிஃபானாவின் நாடி சீராகத் துடித்தது. “பசிக்குது” என்றாள். புவனா சிஸ்டரும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

பத்து மணிக்கு மௌலவி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சமும் தயங்கவில்லை. “கொதிக்க வைச்ச தண்ணியில ஓதக்கூடாதெண்டு எங்கயும் இல்ல சிஸ்டர். நீங்க கொதிக்க வையுங்க, நான் ஓதுறன்” என்றார். முற்றத்தில் பெரிய கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, குழாய் வைத்த மூடிய பாத்திரத்தில் ஊற்றினோம். அவர் மூடியைத் திறக்காமல் பக்கத்தில் நின்று ஓதினார். நேசம்மா மேலேயிருந்து சொல்லியனுப்பினாள்: “எனக்கும் ஒரு கோப்பை வைக்கச் சொல்லுங்க.” பட்ட பிறகும் அவளுக்கு நம்பிக்கை போகவில்லை.

பிறகு நான் புவனா சிஸ்டரிடம் சொன்னேன். இன்று பின்னேரம் கதவைத் திறப்போம். ஒரு நோயாளிக்கு ஒருவர், பத்து நிமிஷம். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு பருக்கைச் சோறு கூடாது. செருப்பு வாசலில். சோப்புப் போட்டு, என் கண் முன்னால் கை கழுவி, மேலங்கி போட்டு உள்ளே.

“நஸீருக்கு மட்டுமா?” என்றார்.

“எல்லாருக்கும்” என்றேன். “அவனுக்கு மட்டும்னா வேணாம்.”

மேலங்கி போதவில்லை. துவைத்த படுக்கை விரிப்புகளை வெட்டி, கழுத்துக்கு ஓட்டை போட்டு, பதினைந்து தைத்தார்கள் சிற்றூழியர் பெண்கள். மூன்று மணிக்கு வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. முதல் ஆள் நஸீர். பூப்போட்ட விரிப்பு மேலங்கியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கையைத் தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். “போதும் தம்பி, தோல் உரிஞ்சிரும்” என்றேன்.

“பிள்ளைய இந்தக் கையாலதானே தூக்கப்போறன்” என்றான்.

ரிஃபானா அவனைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு பிள்ளையை நீட்டினாள். அவன் வாங்கத் தெரியாமல் வாங்கினான். மூக்கைப் பார்த்தான், அவள் மூக்கைப் பார்த்தான். அடுத்த கட்டிலில் நேசம்மா, “தலையத் தாங்கிப் பிடி மனே” என்றாள். பத்து நிமிஷம் முடிந்தது எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அது பன்னிரண்டு ஆயிற்று.

நஸீர் கேட்டுக்கு வந்து, அட்டைப்பெட்டி இல்லாமல் சிறிய பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டான். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. போகிறவன் நின்று திரும்பினான்.

“மிஸ்ஸி, உங்கட மாப்பிள்ளயயும் கடைசியா இப்பிடி ஒருக்கா போய்ப் பாத்திருப்பீங்கதானே?”

என் கணவர் போன அன்று, எங்கள் ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு உடை வைக்கிற அலமாரியின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஏற வேண்டியது பதினெட்டுப் படி. அங்கேயும் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் நின்றார்கள். யாரையும் விடக்கூடாது என்று எழுதி ஒட்டியவள் நான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எந்த முகத்தோடு ஏறுவது என்று கீழேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் மேலேயிருந்து ஆள் வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

“பார்த்தேன் தம்பி” என்றேன். “பஸ் போயிரப் போகுது, கிளம்பு.”